குமிழி போகும் வழி: இட்லி மாவு முதல் பாலத் தூண் வரை

சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழிகள் மேலே ஓடுகின்றன. இட்லி மாவில் அவை அசையாமல் உட்கார்ந்துகொள்கின்றன. கேழ்வரகுக் கூழில் அடியிலேயே பதுங்கியிருந்து, திடீரென்று வெடித்துக் கையைச் சுடுகின்றன. கான்க்ரீட்டில் மாட்டிக்கொண்டால் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்து தூணைப் பலவீனமாக்குகின்றன. நான்கு இடத்திலும் உள்ளது குமிழிதான். அது குடியிருக்கும் இடம்தான் வேறு.

ரயில்வேயில் சிவில் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்தக் குமிழியைத் துரத்துவது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. ‘இதில் எழுத என்ன இருக்கிறது?’ என்று வாசக அன்பர்கள் நினைக்கலாம். நம்மில் பலர் இங்கே வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் ஒரு வீடு கட்டுகிறோம். பணம் நாம் அனுப்புகிறோம். கான்க்ரீட் போடுகிறவர் அங்கே இருக்கிறார். அந்த வீட்டுத் தூணுக்குள் குமிழி தங்கியதா, வெளியேறியதா என்பது சாதாரண விஷயம் அல்ல. அதனால் முதலில் குமிழியின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். வீட்டுக்குப் பிறகு வருவோம்.

தெளிந்த நீரில்

சுத்தமான தண்ணீரில் குமிழிக்குத் தடை குறைவு. காற்று நீரைவிட மிக லேசானது. சுற்றியுள்ள நீர் அதை மேலே தள்ளுகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி வினாடிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை ஏறும். ஒரு டம்ளர் உயரத்தை அரை வினாடியில் கடந்துவிடும்.

அது நேராகவும் போவதில்லை. கொஞ்சம் பெரிய குமிழி வளைந்து வளைந்து, சில சமயம் திருகுசுருள் போலச் சுழன்று ஏறும். லியொனார்டோ டா வின்சி இதைக் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார். எந்த அளவில் இந்தத் தள்ளாட்டம் தொடங்குகிறது என்ற கேள்விக்கு நுணுக்கமான கணக்கு 2023-ல்தான் வெளிவந்தது. ஸ்பெயினின் ஹெர்ராடா, இங்கிலாந்தின் எக்கர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குமிழியின் ஆரம் 0.926 மில்லிமீட்டரைத் தாண்டியதும் நேர்ப்பாதை நிலைகுலைகிறது என்று காட்டினார்கள். தண்ணீரில் ஏறும் ஒரு குமிழிக்கே ஐந்நூறு வருஷம் யோசிக்க வேண்டியிருந்தது!

குமிழி மிகச் சிறியதாக இருந்தால் கதை வேறு. டிப்ளமா படித்த நாளில் மனப்பாடம் செய்த ஸ்டோக்ஸ் விதி இங்கே உதவும். 1851-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வெளியிட்ட அந்தக் கணக்கின்படி, சின்னஞ்சிறு உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. திரவத்தின் பிசுபிசுப்பு ஏற ஏற வேகம் அதே அளவில் குறையும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி தண்ணீரில் வினாடிக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் ஏறும். பத்து சென்டிமீட்டர் உயரம் ஏற 20 வினாடி. அதே குமிழியைத் தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு பிசுபிசுப்பான பாகில் விட்டால் 20,000 வினாடி, அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். தேன் ஜாடியில் பொடிக் குமிழிகள் நாள் முழுதும் அப்படியே நிற்பதுபோல் தோன்றுவது இதனால்தான். அவை நிற்கவில்லை, நம் பொறுமைக்கு எட்டாத வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன.

துகள்கள் கலந்தால்

இப்போது அந்தத் தண்ணீரில் மணலோ மாவோ சிமெண்ட்டோ கலக்கிறோம். காலியான பிளாட்பாரத்தில் நடப்பதற்கும், தீபாவளிக்கு முதல் நாள் கூட்டத்தில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே வந்துவிடுகிறது.

துகள்கள் கொஞ்சமாக இருக்கும்போது நடப்பதைக் கணக்கிட்டவர் ஐன்ஸ்டைன். ஆம், அதே ஐன்ஸ்டைன்தான். 1905-ல் அவர் டாக்டர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில், திரவத்தில் மிதக்கும் உருண்டைத் துகள்கள் அதன் பிசுபிசுப்பை எவ்வளவு கூட்டும் என்று கணக்குப் போட்டார். முதலில் வந்த விடை பரிசோதனையோடு ஒத்துவரவில்லை. கணக்கைச் சரிபார்த்த அவருடைய உதவியாளர் லுட்விக் ஹோப்ஃப் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க, 1911-ல் திருத்தம் வெளிவந்தது. கன அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு துகள் சேர்ந்தால் பிசுபிசுப்பு நூற்றுக்கு இரண்டரை பங்கு கூடும் என்பது திருத்திய விடை.

துகள்கள் அதிகமானால் இந்த எளிய கணக்கு பலிக்காது. ஒன்றோடொன்று உரசும், இடிக்கும், பிடித்துக்கொள்ளும். பிசுபிசுப்பு மளமளவென்று ஏறும். ஒரே அளவு உருண்டைகளைத் தாறுமாறாகக் கொட்டினால், மொத்த இடத்தில் நூற்றுக்கு 64 பங்கு நிறைந்ததும் நகர இடமே இருக்காது. அந்த எல்லையை நெருங்கும் குழம்பு, திரவம் என்ற பெயரை இழந்து, பாதி திடப்பொருளாகிவிடுகிறது.

குமிழிகளின் பழக்கமும் மாறுகிறது. பொடியான துகள்கள் நிறைந்த கரைசலின் அடியிலிருந்து காற்றை ஊதினால், சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வேகமாக மேலே ஓடிவிடும். பெட்ரோலிய ரசாயனத் தொழிற்சாலைகளில் இது பெரிய தலைவலி. வாயு திரவத்தில் தங்கி வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் ஊதுகிறார்கள். அது கூட்டுச் சேர்ந்துகொண்டு வெளியேறிவிடுகிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய உருண்டைகள் இருந்தாலோ நேர்மாறாக நடக்கிறது: அவை குமிழியை இடித்து உடைத்துச் சிறிதாக்குகின்றன.

தள்ளுவதும் பிடிப்பதும்

அடர்த்தியான குழம்புகளுக்கு இன்னொரு குணம் உண்டு. ஓரளவு விசைக்கு மேல் கொடுத்தால்தான் அவை நகரும். அதற்குக் கீழே அசையவே அசையாது. பற்பசை டியூபைத் திறந்து கவிழ்த்தால் பசை தானாக விழுவதில்லை, அமுக்கினால் வருகிறது. இந்த வகைப் பொருள்களை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்கரான யூஜீன் பிங்காம். அவர் பெயராலேயே இவற்றைப் ‘பிங்காம் திரவம்’ என்கிறோம். இட்லி மாவு, சேறு, புதுக் கான்க்ரீட் எல்லாம் ஏறக்குறைய இந்த ஜாதிதான்.

இதற்குள் ஒரு குமிழி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மேலே தள்ளும் விசை குமிழியின் கன அளவைப் பொறுத்தது. பிடித்து நிறுத்தும் விசை அதன் மேற்பரப்பைப் பொறுத்தது. குமிழியின் விட்டம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை எட்டு மடங்கு, பிடிக்கும் விசை நாலு மடங்கு. விட்டம் பத்து மடங்கானால் தள்ளுவது ஆயிரம் மடங்கு, பிடிப்பது நூறு மடங்கு. ஆகவே பெரிய குமிழி பிய்த்துக்கொண்டு போய்விடும்; சின்னக் குமிழி சிறைப்படும். தேனில் உள்ள பொடிக் குமிழி மெதுவாகவாவது ஏறுகிறது. இங்கே உள்ளது ஏறுவதே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

அடுக்களைச் சாட்சி

கூழைப் பாருங்கள். வெறும் தண்ணீர் கொதிக்கும்போது ஆவிக் குமிழிகள் சளசளவென்று ஏறும். கூழ் இறுகி வரும்போது சத்தம் அடங்கி, ‘தொப், தொப்’ என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்கும். அடியில் உண்டாகும் ஆவி சிறு குமிழியாக இருக்கும்வரை கூழின் பிடியை மீற முடிவதில்லை. மேலும் மேலும் ஆவி சேர்ந்து, போதுமான அளவு பருத்ததும் ஒரே மூச்சில் கிளம்புகிறது. மேலே வந்து வெடித்துச் சூடான கூழைத் தெறிக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் நீளக் கைப்பிடி உள்ள துடுப்பால் விடாமல் கிண்டுவது அடிபிடிக்காமல் இருக்க மட்டும் அல்ல. கிண்டும்போது கூழின் பிடி தளர்கிறது. ஆவி சிறிது சிறிதாக வெளியேற வழி கிடைக்கிறது. கான்க்ரீட்டில் வைப்ரேட்டர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இட்லி மாவில் நமக்கு வேண்டியது இதற்கு எதிரானது: குமிழி போகக் கூடாது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. அது புளிப்பையும் கரியமில வாயுவையும் சேர்த்தே உண்டாக்குகிறது. வாயு உண்டானால் மட்டும் போதாது. மாவு அதைப் பிடித்துவைக்க வேண்டும். அந்தப் பிடியைக் கொடுப்பது உளுந்து. மைசூரில் உள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1970-களில் இதை ஆராய்ந்து, உளுந்தில் உள்ள ஒரு வகைப் புரதமும் வழவழப்பான ஒரு மாவுச்சத்தும் சேர்ந்துதான் குமிழியைச் சுற்றி உறுதியான சுவரை எழுப்புகின்றன என்று கண்டார்கள். ரவையாக அரைத்த அரிசி, அந்த நுரைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் திடத் துகள். உளுந்தின் பிடி அரிசியைக் கீழே விழாமலும், குமிழியை மேலே ஓடாமலும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறது.

மாவில் தண்ணீர் கூடிவிட்டால் பிடி போய்விடும். குமிழிகள் மேலே வந்து உடைந்து, இட்லி தட்டையாகும். மிகக் கெட்டியாக இருந்தால் குமிழி பருக்க இடமில்லாமல் இட்லி கல்லாகும். பொங்கிய மாவைக் கரண்டியால் போட்டு அடித்தால் குமிழிகள் ஒன்றுசேர்ந்து ஓடிவிடும். ‘ஓரத்திலிருந்து பதமாக எடு’ என்று பாட்டிமார் சொன்னதில் இத்தனை இயற்பியல் இருக்கிறது.

வடக்கே டிசம்பர், ஜனவரியில் மாவு பொங்குவதில்லை என்று நம் சங்கக் கூட்டங்களில் வருஷா வருஷம் கேட்கும் புலம்பலுக்கும் இங்கே விடை உண்டு. குளிரில் பாக்டீரியா மந்தமாகிவிடுகிறது. வாயு உண்டாவதே குறைகிறது. அப்போது தண்ணீரைக் கூட்டுவதால் பயன் இல்லை. உள்ள கொஞ்சம் வாயுவும் தப்பிவிடும். மாவைக் கெட்டியாகவே வைத்து, கம்பளி சுற்றியோ, விளக்கு எரியும் அலமாரியில் வைத்தோ கதகதப்பும் கூடுதல் நேரமும் கொடுப்பதுதான் வழி.

பாறையில் உறைந்த குமிழி

மும்பையிலிருந்து புணே போகும்போது கண்டாலா மலைப் பாதையில் ஜன்னல் வழியே தெரியும் கரும்பாறையைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்பு, அடுக்கடுக்காக வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணப் பாறை அது. எரிமலைக் குழம்பும் வெறும் திரவம் அல்ல. அதில் படிகத் துகள்கள் மிதக்கும், வாயுக் குமிழிகள் ஏறும். ஒவ்வொரு அடுக்கின் மேல்பகுதியிலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நடுப்பகுதி கெட்டியாக இருக்கும். குமிழிகள் மேலே ஏறி வந்தன. வெளியேறுமுன் மேல்பாகம் குளிர்ந்து இறுகிவிட்டது. பிற்காலத்தில் அந்த ஓட்டைகளில் வெள்ளை நிறத் தாதுக்கள் வந்து நிரம்பின. தண்டவாளத்துக்கு ஜல்லி எடுக்கும் குவாரிகளில் நாங்கள் கெட்டியான நடுப்பாறையைத்தான் தேடுவோம். குமிழி இருந்த பாறை ரயிலின் பாரத்துக்குச் சீக்கிரம் நொறுங்கும்.

சுரங்கத்தில் கூலியாள்

குமிழி துகளைச் சுமந்துகொண்டு ஏறுவதும் உண்டு. ராஜஸ்தானில் கேத்ரி செம்புச் சுரங்கத்தையும், உதயப்பூர் அருகே ஜாவர் ஈய-துத்தநாகச் சுரங்கத்தையும் அறிந்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள். வெட்டியெடுத்த செம்புக் கல்லில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் செம்பு இருக்கும். அதை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, ஒரு ரசாயனத்தைச் சேர்த்துக் காற்றை ஊதுகிறார்கள். அந்த ரசாயனம் செம்புத் தாதுவின் மேல் படிந்து, தண்ணீர் ஒட்டாத மேனியைக் கொடுத்துவிடுகிறது. தண்ணீரை வெறுக்கும் துகள், குமிழியைக் கண்டதும் ஒட்டிக்கொள்கிறது. குமிழி அதைத் தூக்கிக்கொண்டு நுரையாக மேலே வருகிறது. வெறும் கல்துகள் அடியில் தங்குகிறது. தன்பாத் பக்கத்து நிலக்கரிக் கழுவு நிலையங்களில் கரித்தூளைப் பிரிப்பதும் இதே முறையில்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தில் இந்த முறை பெரிய அளவில் வேரூன்றியது. இன்று உலகில் கிடைக்கும் செம்பில் பெரும்பகுதி ஒரு கட்டத்தில் குமிழியின் முதுகில் ஏறி வந்ததுதான்.

கான்க்ரீட்டுக்கு வருவோம்

கான்க்ரீட்டில் ஜல்லியும் மணலும் மட்டுமே கன அளவில் நூற்றுக்கு 60 முதல் 75 பங்கு. பெரிதும் சிறிதுமாக இருப்பதால் ஒன்றின் இடுக்கில் ஒன்று அடங்கி இத்தனை கொள்கிறது. மீதி இடத்தில் சிமெண்ட், தண்ணீர், காற்று. கலக்கும்போதும் கொட்டும்போதும் காற்று உள்ளே புகுந்துவிடும். அப்போதுதான் கொட்டிய கான்க்ரீட்டில் கன அளவில் நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு வரை காற்று இருக்கும். அத்தனை கல்லுக்கும் மணலுக்கும் நடுவே, பிடிவாதமான சிமெண்ட் குழம்பைத் தாண்டி அது தானாக வெளியே வராது.

வராவிட்டால் என்ன? நூற்றுக்கு 2 பங்கு காற்று தங்கினால் கான்க்ரீட்டின் வலிமை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக்கூடும். 5 பங்கு தங்கினால் 30 சதவீதம் வரை இழப்பு. சிமெண்ட் மூட்டைக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்குத் தானம் செய்த கணக்கு. அதைவிட மோசம், தேன்கூடு போல ஓட்டை விழுவது. அந்த வழியாக ஈரமும் காற்றும் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்க்ரீட்டைப் பிளக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் பத்துப் பதினைந்து வருஷத்தில் கூரைப் பூச்சு உதிரத் தொடங்கும்.

இதற்குத்தான் வைப்ரேட்டர். கான்க்ரீட்டை அதிரவைத்துக் கெட்டிப்படுத்தலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே நடைமுறையில் காட்டியவர்களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஃபிரெய்ஸினே முக்கியமானவர். முன்னழுத்தக் கான்க்ரீட்டுக்கும் அவரே முன்னோடி. இன்று நம் ரயில் ஓடும் கான்க்ரீட் ஸ்லீப்பர்கள் அந்த வழியில் வந்தவை. வைப்ரேட்டர் ஊசி நிமிஷத்துக்கு ஒன்பதாயிரம், பன்னிரண்டாயிரம் முறை அதிரும். அந்த அதிர்வில் துகள்களின் பிடி விட்டுப்போகிறது. பாதி திடமாக நின்றது சில வினாடிகளுக்குத் திரவமாகிறது. ஜல்லி இறங்கி நெருங்கி உட்காருகிறது. பெரிய குமிழிகள் மேலே கிளம்புகின்றன. அதிர்வை நிறுத்தியதும் கான்க்ரீட் மறுபடி இறுகிவிடுகிறது. அதற்குள் வெளியேறியது வெளியேறியதுதான்; மிஞ்சியது நிரந்தரக் குடி.

ஒரு சிறு பாலத்தின் கரைத்தூண் வேலையில் என்னோடு இருந்த வயதான கலாசி ஒருவர் இதைக் காதாலேயே கண்டுபிடிப்பார். ஊசியைக் கான்க்ரீட்டில் இறக்கியதும் மோட்டார் சத்தம் கொஞ்சம் அமுங்கும். காற்று வெளியேற வெளியேற மெல்ல ஏறி, ஒரே சுருதியில் நிற்கும். ‘சுருதி சேர்ந்துவிட்டது, எடு’ என்பார். அவர் படிக்காதவர், ஆனால் பாடப் புத்தகத்திலும் இதுவேதான் எழுதியிருக்கிறது. அதே வேலையில் ஒரு நாள் வைப்ரேட்டர் பழுதாகிவிட்டது. ‘கம்பியால் குத்திச் சமாளிக்கிறோம், சார்’ என்றார் கான்ட்ராக்டர். கலவை இறுகலானது, கம்பி நெருக்கமானது. நான் வேலையை நிறுத்தினேன். மாற்று மெஷின் வர மாலை ஆயிற்று. அன்று அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல் இரண்டாவது வைப்ரேட்டர் ஒன்றும் தயாராக நின்றது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 15 சென்டிமீட்டர் கனசதுரம் வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்ப்பது வழக்கம். நம் நாட்டு விதிப்படி கையால் குத்துவதானால் அந்தச் சின்னக் கட்டையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்துக் குறையாமல் குத்த வேண்டும். அத்தனை கவனிப்பில் காற்று எங்கே தங்கும்? க்யூப் பாஸாகிவிடும். தூணில் யார் அத்தனை கவனம் செலுத்தினார்கள்? க்யூப் சர்டிபிகேட் கலவையின் தரத்தைச் சொல்லும்; தூணின் தரத்தை அது சொல்லாது.

தண்ணீர் ஊற்றினால் தீராதா?

தளம் போடும் நாளில் எல்லா ஊரிலும் நடக்கும் காரியம் இது. கலவை இறுகலாக இருக்கிறது, வேலை ஓடவில்லை என்று ஒரு வாளித் தண்ணீரைச் சேர்ப்பார்கள். பிடி தளரும், குமிழியும் எளிதில் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் சிமெண்ட்டோடு சேராத உபரித் தண்ணீர் பிறகு உலர்ந்து, தான் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுச் செல்லும். காற்றுக் குமிழியை விரட்டித் தண்ணீர்க் குமிழியைக் குடிவைத்த கதை. ஜல்லி அடியிலும் பால் மேலேயும் பிரிந்துபோவது இன்னொரு கேடு.

தண்ணீர் கூட்டாமல் பிடியைத் தளர்த்தும் ரசாயனங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒகாமுரா காட்டிய வழியில் 1988-ல் உருவான கான்க்ரீட், வைப்ரேட்டர் இல்லாமலே கம்பிகளுக்கிடையே வழிந்து பரவி, காற்றைத் தானே வெளியேற்றிவிடும். நெருக்கமான கம்பி உள்ள இடங்களுக்கு நம் நாட்டிலும் இது பயன்படுகிறது.

நல்ல குமிழியும் உண்டு

இத்தனை திட்டியபின் குமிழிக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். பனி உறையும் இடங்களில் கான்க்ரீட்டுக்குள் வேண்டுமென்றே குமிழியைச் சேர்க்கிறார்கள். தண்ணீர் உறைந்தால் கன அளவில் 9 சதவீதம் பருக்கும். கான்க்ரீட்டின் நுண்துளைகளில் உள்ள ஈரம் அப்படிப் பருத்தால் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். கூப்பிடு தூரத்தில் சின்னக் காலி அறைகள் இருந்தால் பருக்கும் நீர் அங்கே ஒதுங்கும். 1930-களில் அமெரிக்கச் சாலைகளில் கண்ட அனுபவத்திலிருந்து இந்த முறை பிறந்தது. அந்தக் குமிழிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும்.

வைப்ரேட்டர் போட்டால் இவையும் ஓடிவிடாதா? பழைய கணக்கை நினைத்துப் பாருங்கள். பெரியதைத் தள்ளும் விசை அதிகம், சின்னதைப் பிடிக்கும் விசை அதிகம். அளவோடு அதிரவைத்தால் கேடு செய்யும் பெரிய குமிழி போய்விடும். காவல் காக்கும் சின்னக் குமிழி தங்கிவிடும். மிதமிஞ்சி அதிரவைத்தால்தான் நல்லதும் கெட்டதும் சேர்ந்து போகும். நம் தமிழ்நாட்டு வீட்டுக்கு இந்தக் குமிழி தேவையில்லை; சிம்லாவிலோ காஷ்மீரிலோ கட்டுகிறவர்களுக்குத் தேவை.

ஊரில் வீடு கட்டும் அன்பர்களுக்கு

தொலைவிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடமும் மேற்பார்வை பார்க்கும் உறவினரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியவை:

1. கான்க்ரீட் போடும் நாளுக்கு முதல் நாளே வைப்ரேட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும். உபரி ஊசி ஒன்றும், கரண்ட் போனால் ஓட்ட வழியும் தயாராக இருக்கட்டும்.

2. தூணில் ஒரே தடவையில் கொட்டி நிரப்பக் கூடாது. ஒன்று, ஒன்றரை அடி அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஊசி இறங்க வேண்டும். கீழ் அடுக்கு இறுகுமுன் அதற்குள்ளும் நாலு முதல் ஆறு அங்குலம் ஊசி போனால்தான் இரண்டும் ஒட்டும்.

3. ஊசி நெட்டாக இறங்க வேண்டும். இறங்கும்போது வேகம், எடுக்கும்போது நிதானம். வினாடிக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் வேகமாக இழுத்தால் ஊசி இருந்த இடமே ஓட்டையாகிவிடும்.

4. ஓரிடத்தில் ஐந்து முதல் பதினைந்து வினாடி. பெரிய குமிழி வருவது நின்று, மேற்பரப்பு மினுமினுத்ததும் எடுத்துவிடலாம். சாதாரண 40 மி.மீ. ஊசியானால் அடுத்த இடம் ஓர் அடிக்குள் இருக்கட்டும்.

5. கான்க்ரீட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ள ஊசியைப் பயன்படுத்தக் கூடாது. பால் மட்டும் ஓடும், ஜல்லி தங்கிவிடும். ஊசியைக் கம்பியில் அழுத்திப் பிடித்து அதிரவிடுவதும் கூடாது.

6. தண்ணீர் அளவு கலக்கும் இடத்தில் முடிவாக வேண்டும். தளத்தின் மேல் வாளி ஏறக் கூடாது.

7. பலகை பிரித்த அன்றே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்று கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. மேலே கடுகு, மிளகு அளவில் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் தோற்றக் குறைதான். ஜல்லி பல்லிளித்துக்கொண்டு, விரல் உள்ளே போகும்படி இருந்தால் அது தேன்கூடு. பொறியாளர் பார்த்துச் சரிசெய்யும் முறையைச் சொல்லும்வரை யாரும் அதன்மேல் பூசக் கூடாது. பூச்சு ஓட்டையை மறைக்குமே தவிர அடைக்காது.

இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரு தூணுக்குச் சில நிமிஷம் கூடும். மேஸ்திரிக்குக் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லி, ஒரு வேளை டீ, பலகாரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டால் அந்த அலுப்பும் தீரும். இட்லியில் குமிழி தங்கட்டும், தூணில் தங்க வேண்டாம்.